முதல் தண்ணீர் என் கையால் வேண்டாம்

சரவணா,

எனக்கு வருடத்தை எண்ணில் சொல்ல வராது. நடந்ததை வைத்துத்தான் சொல்வேன். சுமத்ராவில் காடு எரிந்து, அந்தப் புகை கடலைத் தாண்டி வந்து மலாக்காவின் மேல் படுத்துக்கொண்ட வருடம் அது. பட்டப்பகலில் லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. ரிங்கிட் விழுந்துவிட்டது என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கே விழுந்தது, நான் போய் எடுத்துவரட்டுமா என்று கேட்டதற்குச் சிரித்தார்கள். கோலாலம்பூரில் அந்த இரட்டைக் கோபுரத்தை முடித்துக்கொண்டிருந்தார்கள். நியாலாஸ் பக்கம் நாம் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டதால் தொழிலாளர் லயத்தைக் காலிசெய்துவிட்டுத் தஞ்சோங் கிளிங்கில் இந்த மலிவு வீட்டுக்கு வந்து, இரண்டாவது தீபாவளிக்குக் காத்திருந்தோம். உன் அம்மா புரட்டாசி விரதத்தில் இருந்தாள். உனக்கு இருபத்திரண்டு வயது. அது தொண்ணூற்று ஏழு என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொல்கிறார்.

டீச்சர் என்றால் மூன்றாம் வீட்டு டீச்சர். தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் கைநாட்டு என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் சீவிச் சிங்காரித்துத்தான் எழுதுகிறார், ஆனால் விஷயத்தை மாற்றவில்லை. எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டேன். "ஐயா, இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா?" என்று கேட்டார். அனுப்புங்கள் என்றேன். நான் அன்றைக்குப் பேசினது நாலு வீட்டு ஆட்கள் முன்னால். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதை உன் காதோடு மட்டும் செய்தால் அது எடுத்துக்கொண்டதாகாது.

போன மாதம் நீ ஜோகூரிலிருந்து போன் செய்தாய். புது வீடு முடிந்துவிட்டது, முன்னால் குளமும் கட்டியாகிவிட்டது, கோய் மீன் விடப்போகிறேன் என்றாய். "அப்பா, மொதத் தண்ணி நீங்கதான் ஊத்தணும். அன்னிக்கு நீங்க கொண்டாந்த தண்ணியிலதானே அந்த மீனு பொழைச்சுச்சு. உங்க கைராசி வேணும்லா எனக்கு" என்றாய். நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. தம்பி, அந்தத் தண்ணீர் நான் கொண்டுவந்ததில்லை. அந்த மீனைச் சாகடிக்கப் பார்த்தது நீ நினைக்கிற ஆளும் இல்லை. அது நான். இருபது வருடத்துக்கு மேலாக உனக்கும் அந்தக் கடைக்காரப் பாய்க்கும் பேச்சு இல்லாமல் போனதற்குக் காரணமும் நான்தான். சொல்ல வந்தது இதுதான். எப்படி என்பதை முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் கோபப்பட்டு மடித்து வைத்துவிடாதே.

அப்போது நீ கடற்கரைச் சாலை ஹோட்டலில் தோட்ட வேலை பார்த்தாய். செடிக்குத் தண்ணீர் விடுவதும் வாசலில் இருந்த குளத்தைக் கழுவுவதும் உன் வேலை. அந்தக் குளத்தில் அழகுக்கு வளர்க்கிற பதினொரு கோய் மீன்கள். அதில் பெரியது, தலையில் மட்டும் சிவப்பு, உடம்பெல்லாம் வெள்ளை. என் முழங்கை முதல் விரல் நுனி வரை நீளம். புகை வந்து வெள்ளைக்காரர்கள் வராமல் ஹோட்டல் ஈயடித்தது. குளத்தைக் கவனிக்க ஆள் குறைத்துவிட்டார்கள். அந்த மீனுக்கு விலாவில் புண் வந்தது. முதலில் ஒரு செதில் தூக்கிக்கொண்டு நின்றது, ஒரு வாரத்தில் ஐம்பது காசு அகலத்துக்குச் சதை தெரிந்தது என்று நீ அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். மற்ற மீனுக்கு ஒட்டிவிடும், தூக்கிப் போடு என்று ஹோட்டல் முதலாளி, அந்தத் தவுக்கே, சொல்லிவிட்டார். நீ தூக்கிப் போடவில்லை. ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டி நம் வீட்டுப் பின்வாசலுக்குக் கொண்டுவந்தாய். பாதியாக அறுத்த நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், அந்தத் தோங்கில் விட்டாய். உன் அம்மா எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவி, பொரட்டாசி மாசத்துல வீட்டுக்கு மீனு வாங்கிட்டு வந்திருக்கானே!" "சமைக்க இல்லம்மா, பொழைக்க வைக்க" என்றாய். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அஞ்சலை அக்கா, "அப்ப எங்க வீட்டுக் கொழம்புக்காச்சும் குடுத்துருடா, நாங்க வெரதமில்லை" என்றாள். நீ மட்டும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தாய். டவுனில் அஞ்சடியில், கடை வரிசையின் முன்நடையில், மீன் தொட்டியும் குருவிக் கூண்டும் வைத்து விற்கிற கடை அவருடையது. என்னைவிடச் சின்னவர். ஒல்லி, வெள்ளைக் கைலி, சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னத் துண்டு. உன்னை "தம்பி" என்றார், என்னை "அண்ணே" என்றார். நீ அவரை "மாமா" என்றாய். தோட்டத்தில் பெரியவர்களை மாமா என்று கூப்பிடுவது வழக்கம்தான், அதில் ஒன்றுமில்லை. ஆனால் நீ கூப்பிட்ட விதம் எனக்கு உறைத்தது. மாமா, இது பாருங்க. மாமா, வால் பக்கமும் சிவந்திருக்கு. மாமா, செவுள் வெளுத்திருக்கா? என்னை நீ அப்பா என்று கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று நான் நின்ற இடத்திலேயே எண்ணிப் பார்த்தேன்.

அவர் வேலை செய்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன். பிடிக்காமல் பார்த்தேன், ஆனால் ஒன்றும் விடாமல் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். மீனை அதில் விட்டதும் கொஞ்ச நேரத்தில் அது மயங்கிச் சாய்ந்தது. ஈரத் துணியை விரித்து அதன் மேல் கிடத்தினார். பையிலிருந்த துண்டை நனைத்து மீனின் கண்ணை மூடினார். "வெளிச்சம் பட்டா பயப்படும் தம்பி. கண்ணு மூடிருச்சுன்னா நம்ம கையில நிக்கும்." புண்ணைச் சுற்றி அழுகிய செதிலை இடுக்கியால் எடுத்தார். பஞ்சில் மஞ்சள் மருந்தைத் தொட்டு, குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி வைத்தார். நூறு எண்ணி முடிப்பதற்குள் திரும்பத் தண்ணீரில் விட்டு, அது நிமிர்கிறவரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டிருந்தார். பிறகு உனக்குச் சொன்னார்: பைப்புத் தண்ணீரில் மருந்து வாசம் இருக்கும், நேராக ஊற்றாதே. இரண்டு நாள் திறந்த தோங்கில் கிடந்த தண்ணீரைத்தான் மாற்றவேண்டும். உப்பு இவ்வளவு, காற்று மிஷின் நிற்கக்கூடாது, நாலு நாளைக்குத் தீனி கிடையாது. நீ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாய். நான் பால் வெட்டச் சொல்லிக்கொடுத்தபோது நீ அப்படி ஒரு தடவை தலையாட்டியதில்லை.

உனக்கு இது தெரியாது. தோட்டத்தில் என் கை பேர் வாங்கின கை. உளி ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம் பட்டால், வெட்டினவன் யாராக இருந்தாலும், மருந்து பூச என்னைத்தான் கூப்பிடுவார்கள். காயத்தைச் சுத்தம் செய்து, ஓரத்தைச் சீவி, நான் பூசிவிட்டு வந்த மரம் ஒன்றுகூட அழுகியதில்லை. புது மர நிரைக்கு மாறும்போது வேலையை மேற்பார்க்கிற தண்டல் என் மரங்களைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். அந்தக் கையை வைத்துக்கொண்டு டவுனில் ஒரு கிடங்கு வாசலில் ராத்திரிக் காவலுக்கு, ஜாகாவாக உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுப் பின்வாசலில் ஒரு புண் ஆறிக்கொண்டிருக்கிறது, என் மகன் அதற்கு வெளியிலிருந்து ஆள் கூட்டிவருகிறான். நீ ஒரு வார்த்தை, "அப்பா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று கேட்டிருந்தால் போதும். நீ கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று உனக்குத் தோன்றாதது உன் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

அந்த மீன்மேலும் எனக்குப் பொறாமைதான், சிரிக்காதே. அதற்கு முந்தின மாதம் புகையில் எனக்கு நெஞ்சு கட்டிக் காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தேன். நீ மாத்திரை வாங்கி மேசையில் வைத்து, "சாப்பிட்டுருங்கப்பா" என்று வெளியே நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாய். மீனுக்கு? வேலை விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் தோங்கின் பக்கத்தில் குந்திக்கொள்வாய். அதோடு பேசுவாய். "என்னா, இன்னிக்கு எப்படி இருக்கே? வாயத் தொறக்குறியா?" அது தண்ணீருக்குள் வாயைத் திறந்து மூடும். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து இருமுவேன். கொஞ்சம் கூடவே இருமுவேன். நீ திரும்பமாட்டாய்.

பாய் ஒருநாள் விட்டு ஒருநாள் கடை திறக்கும் முன் காலையில் வருவார். நீ அதற்குள் ஹோட்டலுக்குப் போயிருப்பாய். வேலிக் கதவைத் திறந்துவிடுவது நான். "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்பார். ஆச்சு என்பேன், அதோடு சரி. அவர் மீனைப் பார்த்து, மருந்து வைத்து, உன் அம்மா கொடுக்கும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார். இரண்டாவது வாரத்தில் புண்ணின் ஓரம் வெள்ளையாகக் கூடிக்கொண்டு வந்தது. ஒருநாள் சாயங்காலம் நீயும் அவரும் பின்வாசலில் பேசியது என் காதில் விழுந்தது. "கடைக்குப் பின்னால எடம் சும்மாத்தான் கெடக்கு தம்பி. எனக்குப் புள்ளையும் இல்லை, குட்டியும் இல்லை. நாலு தொட்டி கட்டு. கோயெல்லாம் நீயே பாத்துக்க. உனக்குக் கை இருக்கு." நீ, "நெசமாவா மாமா?" என்று கேட்டாய். உனக்குக் கை இருக்கு என்று அவர் சொன்னார். அது என் கை. நான் பெற்று வைத்த கை. அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவன் நான். அவர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில்தான் அது நடந்தது. பாய் வந்து வழக்கம்போல மருந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் தோங்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மீனின் வயிற்றில் சிவப்புப் புள்ளி புள்ளியாக இருந்தது. உன் அம்மா பின்னாலிருந்து, "அம்மை போட்ட மாதிரியில்ல இருக்கு" என்றாள். அவள் சும்மா சொன்னாள். எனக்கு அதில் பொறி தட்டியது. உனக்கு ஏழு வயதில் லயத்தில் அம்மை போட்டபோது வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து உன் உடம்பெல்லாம் தடவியது நான். தலைக்குத் தண்ணீர் ஊற்றியது நான். உனக்கு முகத்தில் ஒரு வடுகூட இல்லை. அம்மைக்கு எனக்கு வைத்தியம் தெரியும், அந்தப் பாய்க்கு என்ன தெரியும்? கோயிலுக்குப் போய் வேப்பிலை ஒடித்து வந்தேன். உன் அம்மா மாவு அரைக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மியில் மஞ்சளும் வேப்பிலையும் வைத்து மைய அரைத்தேன். இரண்டு உருண்டை. சாயங்காலம் நீ வந்து பார்க்கும்போது புள்ளியெல்லாம் இறங்கியிருக்கும், யார் செய்தது என்று நீ கேட்பாய், நான் ஒன்றுமே சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருப்பேன் என்று மனதுக்குள் எல்லாவற்றையும் நடத்திப் பார்த்துவிட்டேன். உருண்டையைத் தோங்கில் கரைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மீன் மேலே வந்து வாயைப் பிளந்தது. தோங்கின் ஓரத்தில் முட்டியது. செவுள் திறந்து திறந்து மூடியது, அதற்குள்ளே மஞ்சள் சேறாக ஒட்டியிருந்தது. பிறகு ஒருக்களித்துவிட்டது. எனக்குப் பயம் வந்துவிட்டது. மீன் சாகிறதே என்றா, நீ வந்து பார்ப்பாயே என்றா என்றால், இரண்டாவதுதான். தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கொட்டினேன். நீ இரண்டு நாளாகத் திறந்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அலசுவதற்கே தீர்த்தேன். அதற்கப்புறம் பைப்பில் குழாயை மாட்டி நேராகத் தோங்கில் விட்டேன். நேராக ஊற்றாதே என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் விட்டேன், மஞ்சள் போகவேண்டுமே. கொஞ்சம் போயிற்று. ஆனால் தோங்கின் விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு போகவே இல்லை.

அன்றைக்கு நீ நேரத்தோடு வந்துவிட்டாய், வழியில் பாயையும் ஏற்றிக்கொண்டு. தொட்டிக்கு அளவு எடுக்க இரண்டு பேரும் ஹார்ட்வேர் கடைக்குப் போகிற திட்டம். மீனைப் பார்த்ததும் நீ போட்ட சத்தத்தில் அஞ்சலை அக்கா வேலிக்கு வந்துவிட்டாள். இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் வந்தார்கள். பாய் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுத் தண்ணீரில் கை வைத்தார். மீனை நிமிர்த்திப் பிடித்தார். பையிலிருந்து வெள்ளைக் கல்லு மாதிரி ஒரு மருந்தை எடுத்துப் போட்டார், பைப்புத் தண்ணீரின் வேகத்தை முறிக்கும் என்றார். நீ அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துவிட்டாய். "மாமா, காலையில மஞ்ச மருந்து கூடப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டாய்.

அவர் கையை எடுத்து மோந்து பார்த்தார். வேப்பிலை வாசம் தெரியாத தமிழன் உண்டா? அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன், என் விரலெல்லாம் மஞ்சள். இடுப்புத் துண்டுக்குள் கையை மறைத்தேன். அதையும் அவர் பார்த்தார். பிறகு உன் பக்கம் திரும்பி, "ஆமா தம்பி. கை தவறிப்போச்சு. வயசாகுதுல்ல" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறந்தேன், வேறு எதற்கோ திறந்தேன். அவர் திட்டியிருந்தால், என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால், சத்தியமாக நான் ஒத்துக்கொண்டிருப்பேன். அவர் என்னைக் காப்பாற்றினார். என் மகன் முன்னால், என் வீட்டில், அங்கேயும் அவர்தான் பெரிய மனிதர். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. "கை தவறலை! வேணும்னே செஞ்சிருக்கான்!" என்று கத்தினேன். "மீனு விக்கிறவனுக்கு மீனு செத்தாத்தானே யாவாரம்? இது செத்தா அந்தத் தவுக்கேக்குப் புதுசு விக்கலாம். என் புள்ளைய ஏமாத்தித் தொட்டி கட்ட வேற பாக்குறான்!" வேலியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. அஞ்சலை அக்கா, "ஐயோ, என்னா பேச்சு இது" என்றாள். பாய் மீனை உன் கையில் மாற்றிக் கொடுத்தார். "விட்ராதே. நிமித்தியே பிடி. இந்தத் தண்ணி ஒரு நாளைக்குத்தான் தாங்கும், நாளைக்கு நல்ல தண்ணி மாத்தணும்" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தே போனார். நீ அவரைக் கூப்பிடுவாய் என்று பார்த்தேன். நீ கூப்பிடவில்லை. தம்பி, அப்போது என் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை வருடம் வெட்கமாக இருந்தது.

ராத்திரியெல்லாம் நீ அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாய். மறுநாள் காலையில் நீ வேலைக்குப் போயே ஆகவேண்டும், ஹோட்டலில் ஆள் குறைக்கிற நேரம். "அப்பா, கொஞ்சம் பிடிச்சுக்குங்கப்பா" என்று மீனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். நான் முட்டி போட்டு, தோங்குக்குள் இரண்டு கையையும் விட்டு அதை ஏந்திக்கொண்டிருந்தேன். செவுள் என் உள்ளங்கையில் பட்டுப் பட்டு விலகியது. நானே நஞ்சு வைத்த உயிர் என் கையிலேயே மூச்சு விடுகிறது. அப்போது வாசலில் வேன் சத்தம். பாய். ஆறு பெரிய டின் தண்ணீர், கடைத் தொட்டிகளில் பல நாள் ஊறிக் கிடந்த தண்ணீர். ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து இறக்கினார். எனக்கு எழுந்து உதவவும் முடியாது, கையில் மீன். அவரே பழைய தண்ணீரை இறைத்து, புதியதை மெதுவாக ஊற்றினார்.

"வேப்பெல எங்க ஒடிச்சீங்க அண்ணே, கோயில்லயா?" என்று கேட்டார். நான் மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "மனுசனுக்கு அம்மை போட்டா அது நல்லது. மீனுக்கு ஆகாது. செவுள அடைச்சிரும்." அவ்வளவுதான் சொன்னார். கடைசி டின்னை ஊற்றிவிட்டு, "இந்தத் தண்ணி நான் கொண்டாந்தேன்னு தம்பிகிட்ட சொல்ல வேணாம். கோவத்துல கொட்டிருவான், மீனு போயிரும். நீங்க கொண்டாந்ததா சொல்லிருங்க. கோயில் கெணத்துத் தண்ணின்னு சொல்லுங்க, நம்புவான்" என்றார். என் பொய்யைக்கூட அவர்தான் செய்து கொடுத்தார், பார். எனக்கென்று ஒரு பொய் சொல்லக்கூட அந்த மனிதர் இடம் விடவில்லை.

சாயங்காலம் நீ வந்தாய். மீன் தானாக நிமிர்ந்து நின்றது. "தண்ணி மாத்தினீங்களாப்பா? ஏது தண்ணி?" என்றாய். கோயில் கிணற்றுத் தண்ணீர் என்றேன். நீ என் கையைப் பிடித்தாய். ஊறிச் சுருங்கிப்போன என் விரல்களைத் தடவினாய். "நீங்கதான்பா காப்பாத்துனீங்க" என்றாய். பெரிய ஆளான பிறகு நீ என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. தீபாவளிக்குள் புண் மூடிவிட்டது. நீ ஊரெல்லாம் சொன்னாய், "எங்கப்பா தண்ணி கொண்டாந்தாரு, எங்கப்பா கை." மீனை ஹோட்டலுக்குத் திருப்பிக் கொண்டுபோனபோது தவுக்கேயிடமும் சொன்னாயாம். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். நான் சிரிப்பேன். உன் அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். அம்மியைக் கழுவினவள் அவள். அதன் கொத்தலில் மஞ்சள் தங்கியிருந்ததைப் பார்த்தவள். "நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா நல்லாருக்காது" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம் அந்த அம்மியில் எனக்கு எதுவும் அரைத்துப் போடவில்லை. மிக்ஸி வாங்கச் சொன்னாள்.

நீ பாய் கடைக்குப் பிறகு போகவே இல்லை. அந்த நாலு தொட்டி கட்டப்படவே இல்லை. அடுத்த வருடம் ஹோட்டலில் உன்னையும் நிறுத்தினார்கள். உனக்கு இங்கே வேறு பிடிப்பு எதுவும் இல்லை, ஜோகூரில் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டாய். பாயிடமிருந்து உன்னைப் பறித்து என் பக்கத்தில் வைத்துக்கொள்ளத்தான் அவ்வளவும் செய்தேன். நீ அங்கே இருந்திருந்தால் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாய். மீன் வாசத்தோடு வந்து, மாமா அப்படிச் சொன்னார், மாமா இப்படிச் சொன்னார் என்று எனக்கு எரிச்சல் மூட்டியிருப்பாய். அந்த எரிச்சலை நான் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். பதிலாக வருடத்துக்கு இரண்டு தடவை உன் முகத்தைப் பார்த்தேன்.

போன மாதம் நீ போன் செய்த மறுநாள் கிளினிக்குக்கு பிரஷர் மருந்து வாங்கப் போனேன். பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவர், தொப்பி, கைத்தடி. என்னைப் பார்த்து, "அண்ணே, பசியாறிட்டீங்களா?" என்றார். குரலில்தான் தெரிந்தது. கண் சரியாகத் தெரியவில்லை அவருக்கு, ஆனாலும் என்னைத் தெரிந்துவிட்டது. கடையை மூடிப் பல வருடமாம், தங்கை மகள் வீட்டில் இருக்கிறாராம். அவர் அடுத்துக் கேட்டது என் உடம்பைப் பற்றி இல்லை. "தம்பி நல்லாருக்கானா? மீனு வளக்குறானா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் விட்டுட்டான் பாய், அவனுக்கு எங்க நேரம்" என்றேன். நீ குளம் கட்டியிருக்கிறாய் என்று கேட்டால் அந்த முகம் மலரும். அதைப் பார்க்க எனக்கு மனசில்லை. எண்பது வயதில், ஒரு கால் சரியாக ஊன்றாமல், சாவுக்கு இரண்டு எட்டு வைத்துக்கொண்டும் எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமை. அவர், "பரவால்லை, கை இருக்குற புள்ளை, எதைத் தொட்டாலும் வரும்" என்றார். என் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து நேராக டீச்சர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

உன் மகள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள், எந்நேரமும் அந்தக் கோச்சைப் பற்றியே பேசுகிறாள், நாம் சொன்னால் காதில் விழுவதில்லை என்று அன்றைக்கு போனில் சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும் தம்பி. அது என் குரல். உனக்கு நான் கொடுத்தது கை மட்டும் இல்லை போலிருக்கிறது. அந்த வகுப்புக்கு நீயும் போய் ஓரத்தில் உட்கார். அந்த ஆள் என்ன சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள். வயிறு எரியும், எரியட்டும். அதை அணைக்கிறேன் என்று எதையாவது கரைத்துத் தண்ணீரில் மட்டும் ஊற்றிவிடாதே.

குளத்துக்கு முதல் தண்ணீர் என் கையால் வேண்டாம். நீ காரை எடுத்துக்கொண்டு இங்கே வா. முதலில் அவர் வீட்டுக்குப் போ, பிறகு என்னிடம் வா. அவரை முன்சீட்டில் உட்காரவை, நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். அவர் ஊற்றட்டும். அவருக்குக் கண் தெரியாது, கையைப் பிடித்துக் குளத்தின் ஓரத்தைக் காட்டு. நீ அவரை மாமா என்று கூப்பிடுவாய், நான் பக்கத்தில் நிற்பேன். அந்த நேரத்தில் மட்டும் என் முகத்தைப் பார்க்காதே.

அந்தப் புகையில் நம் பின்வாசலில் நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். உன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வேலியில் நின்ற அஞ்சலை அக்கா போன வருடம். மற்ற இரண்டு வீட்டு ஆட்களும் போய்விட்டார்கள். கட்டை விரல் காட்டிய தவுக்கே போய்விட்டார், அந்த மீனும் அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. நம் இரண்டு பேரைத் தவிர, இருப்பவர் ஒருவர்தான். இவ்வளவு நேரம் பாய், பாய் என்றே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். "அவருக்குப் பேர் இல்லையாங்கய்யா?" என்று டீச்சர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். இருக்கிறது. முதல் நாளே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் வாயால் இதுவரை சொன்னதில்லை.

அப்துல் மஜீது.